சாம்புவுக்கு இருமல் எங்கிருந்து வந்தது?

மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பெரியப்பா வீடு. 2024 மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஹாலில் யாரோ இருமுகிற சத்தம். லொக்... லொக்... சளியில்லாத வறட்டு இருமல்.

"என்ன பெரியம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனேன். ஹாலில் ஆளே இல்லை! பெரியம்மா கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பெரியப்பா பால் வாங்கப் போயிருந்தார்.

இருமியது சாம்பு. கூண்டில் ஒற்றைக் காலில் நின்றபடி, தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் இரண்டு முறை இருமினான். அச்சு அசல் பெரியம்மாவின் இருமல்.

எல்லாரும் சிரித்தோம். அப்போது சிரித்ததை நினைத்தால் இப்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சாம்பு யார் என்று சொல்லவில்லையே! ஆப்பிரிக்கன் கிரே கிளி. உடம்பெல்லாம் சாம்பல் நிறம், வாலுக்கு மட்டும் குங்குமச் சிவப்பு. சாம்பல் என்பதால் சாம்பு. ஏறக்குறைய 400 கிராம் எடை. பெங்களூரில் வேலை பார்த்த அண்ணன் ஆசைப்பட்டு வாங்கியது. கம்பெனி அவனை வெளிநாட்டுக்கு அனுப்பியதும், "ஆறு மாசம்தாம்மா, பார்த்துக்குங்க" என்று கூண்டோடு மொரப்பூரில் இறக்கிவிட்டுப் போனான். ஆறு மாதம் மூன்று வருஷமாகிவிட்டது.

இந்தக் கிளிகள் வளர்ப்பில் 40 முதல் 60 வருஷம் வரை வாழும். நாற்பத்தைந்து வயதில் ஒரு குஞ்சை வாங்குகிறவர், தனக்குப் பிறகு அதை யார் பார்ப்பது என்று அன்றைக்கே யோசித்தாக வேண்டும். நாய் வாங்கும்போது இந்தக் கேள்வி வராது. கிரே கிளிக்கு இதுதான் முதல் கேள்வி. எங்கள் வீட்டில் யாரும் இதைக் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. வந்த பத்தாவது நாளே சாம்பு எல்லாரையும் மயக்கிவிட்டான்! பெரியப்பாவின் செல்போன் மணியை அப்படியே அடிப்பான். அவர் சட்டைப் பையைத் தடவுவார், மேஜையைத் தேடுவார். அவர் தேடி முடித்ததும், "ஹலோ... யாரு?" என்று அவர் குரலிலேயே பதிலும் வரும். ரயில் ஹாரன், குக்கர் விசில், கேஸ் சிலிண்டரைத் தரையில் உருட்டும் சத்தம் எல்லாம் அத்துப்படி.

வெறும் பேச்சுக் கிளி என்று இதை நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற பெண் விஞ்ஞானி 1977-ல் ஒரு கடையில் வாங்கிய கிரே கிளிக்கு அலெக்ஸ் என்று பெயர். முப்பது வருஷம் அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஐம்பது பொருள்களுக்குப் பெயர் சொல்லும், ஏழு நிறங்கள் தெரியும், ஆறு வரை எண்ணும். இரண்டு பொருள்களைக் காட்டி "எதில் வித்தியாசம்?" என்று கேட்டால் நிறம், வடிவம் என்று பதில் வரும். 2007 செப்டம்பர் 6-ம் தேதி, 31 வயதில் அலெக்ஸ் இறந்தபோது உலகம் முழுக்கப் பத்திரிகைகள் செய்தி போட்டன.

இப்படிப்பட்ட ஒரு ஜீவனை ஹால் மூலையில் கூண்டில் வைத்துவிட்டு, சீரியல் பார்க்கிறோம்!

கீழே விழுந்த கிளி

சாம்பு வந்த இரண்டாவது வருஷம் அது நடந்தது. மத்தியானம் கூண்டில் 'தொப்'பென்று சத்தம். பெரியம்மா ஓடிப்போய்ப் பார்த்தால், சாம்பு கூண்டின் அடியில் விழுந்து கிடக்கிறான். இறக்கைகள் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. கால் விரல்கள் இறுகிவிட்டன. மனிதர்களுக்கு வலிப்பு வருமே, அதே மாதிரி!

"ஏங்க... இவனுக்கு என்னமோ ஆச்சுங்க, ஓடி வாங்க!"

ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. ஆனால் கம்பியில் நிற்கத் தெம்பில்லை. பக்கத்திலிருந்த கால்நடை டாக்டர் நல்ல மனிதர். "மாடு, ஆடுன்னா நான் பார்த்துடுவேன் சார். இதுக்குத் தெரிஞ்சவங்ககிட்ட உடனே போயிடுங்க" என்று மறைக்காமல் சொல்லிவிட்டார். சின்னக் கூண்டில் துண்டைப் போர்த்தி, சேலம் வரை ரயில், அங்கிருந்து பஸ், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. கோழிக்குப் பேர்போன ஊர் என்பதால் பறவை வைத்தியம் அங்கே புதிதில்லை.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பாடு போடறீங்க?"

"சூரியகாந்தி விதை டாக்டர். வேற எதையும் தொடவே மாட்டான். கிண்ணம் நிறைய வச்சிடுவேன்" என்றார் பெரியம்மா, பெருமையாக.

ரத்தத்தில் கால்சியம் மிகவும் குறைந்திருந்தது. அதுதான் வலிப்பு. மற்றக் கிளிகளைவிட ஆப்பிரிக்கன் கிரேக்கு இந்தக் கோளாறு அதிகம் வருகிறது. சூரியகாந்தி விதையில் கொழுப்பு ஏராளம், கால்சியமும் வைட்டமின் ஏ-யும் சொற்பம். குழந்தை அழுகிறது என்று மூன்று வேளையும் சிப்ஸ் கொடுத்து வளர்த்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் பெரியம்மா பாசத்தோடு செய்திருக்கிறார். ஊசி போட்டார்கள். கால்சியம் மருந்து கொடுத்தார்கள். அளவை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நாமாக மாத்திரையைப் பொடித்துக் கலக்கக் கூடாது, அதிகமானால் சிறுநீரகம் கெடும்.

அதன் பிறகு சாம்புவின் சாப்பாட்டுத் தட்டே மாறிவிட்டது. கிளிகளுக்கென்று விற்கும் பெல்லட் தீவனம்தான் பெரும் பங்கு. கூடவே துருவிய கேரட், மஞ்சள் பூசணி, முளைகட்டிய பச்சைப்பயறு, முருங்கைக்கீரை. அப்புறம் நம்ம தர்மபுரி மண்ணின் கேழ்வரகு! 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முளைகட்டி ஒரு ஸ்பூன் வைத்தால் பொறுக்கிப் பொறுக்கித் தின்பான். கொய்யா, பப்பாளி, மாதுளை சின்னத் துண்டுகளாக. சூரியகாந்தி விதை நாலைந்து மட்டும், அதுவும் கையில் கொடுக்கிற பரிசாக.

மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. புதுத் தட்டைக் கவிழ்த்தான். கேரட்டைப் பெரியப்பா மூக்குக் கண்ணாடி மேல் எறிந்தான்! பெரியம்மா கண்ணில் தண்ணீர். "பட்டினியா கெடக்கறானே..." பழைய விதையைத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வைத்தார் பெரியப்பா. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் டாக்டரிடம் போக வேண்டும் என்பது கணக்கு. பழக இரண்டு மாதம் ஆயிற்று.

கொடுக்கவே கூடாதவை: வெண்ணெய்ப்பழம் என்கிற அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், உப்புப் போட்ட மிக்சர், முறுக்கு. அவகாடோவும் சாக்லேட்டும் உயிரையே எடுத்துவிடும். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையும் விஷம். தோலோடு கொடுக்கும்போது உள்ளே எப்படி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் கடலையை அடியோடு நிறுத்திவிட்டோம். வாயில் மென்று கிளிக்கு ஊட்டுகிற பழக்கமும் வேண்டாம். நம் எச்சிலில் உள்ள கிருமிகள் அதற்கு ஆகாது.

கால்சியம் உடம்பில் ஒட்ட வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் பயன்படாது. தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை இளவெயிலில் அரை மணி, கூண்டின் பாதி நிழலில் இருக்கும்படி வைத்தால் போதும். சித்திரை வெயிலில் வைத்து மறந்துவிடக் கூடாது. வாயைத் திறந்து இறக்கையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கினால், உடனே உள்ளே கொண்டுபோய்த் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

சமையலறையில் எமன்

பறவையின் மூச்சு நம் மூச்சு மாதிரி இல்லை. நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்து, காற்றை ஒரே திசையில் ஓடவிட்டு, பிராணவாயுவைத் துளி விடாமல் உறிஞ்சும். நல்ல காற்றை இப்படி உறிஞ்சுகிற உடம்பு, விஷக் காற்றையும் அப்படியேதான் உறிஞ்சும். இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோவார்கள். விஷவாயு இருந்தால் மனிதனுக்கு முன்னால் குருவி மயங்கும். 1986-ல்தான் அந்தப் பழக்கத்தைக் கைவிட ஆரம்பித்தார்கள்.

நான்-ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தால், அளவுக்கு மீறிக் காயும்போது அதன் பூச்சிலிருந்து ஒரு வாயு வரும். கண்ணுக்குத் தெரியாது. அடுத்த அறையிலுள்ள கிளி சில நிமிடங்களில் செத்து விழும். கிளி இருக்கிற வீட்டில் இரும்புக் கல்தான் நல்லது. கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை, ரூம் ஸ்பிரே, பாச்சை உருண்டை எதுவும் கூண்டு இருக்கும் அறையில் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது சாம்பு மாடி அறைக்குப் போய்விடுவான். அதற்கு வழியில்லாத வீடாக இருந்தால், சாம்பிராணியையோ கிளியையோ விட வேண்டியதுதான்.

தூக்கம் இன்னொரு பிரச்னை. தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். ராத்திரி பத்தரை வரை டி.வி. ஓடுகிற ஹாலில் எப்படித் தூங்கும்? தூக்கம் கெட்ட கிளி கடிக்கும். தனிமையில் விட்ட கிரே கிளி தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொள்ளும். நெஞ்சு மொட்டையான கிளிகளைப் பார்த்தால் வயிறு கலங்கும். கடித்து விளையாட இளநீர் மட்டை, பனை ஓலை, காகிதத்தில் சுருட்டி ஒளித்து வைத்த தின்பண்டம், நிற்க கொய்யாக் கிளை... செலவில்லாத வைத்தியம். தினமும் இரண்டு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே, ஆட்களோடு இருக்க வேண்டும். முதலில் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள்.

ஜன்னலைச் சாத்தாவிட்டால்? 2022 ஜூலையில் கர்நாடகாவில், தும்கூரில் ஒரு குடும்பத்தின் கிரே கிளி பறந்துபோய்விட்டது. ருஸ்துமா என்று பெயர். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டி, கண்டுபிடித்தால் 50,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். கிடைத்தபோது சந்தோஷத்தில் 85,000 ரூபாய் கொடுத்தார்கள்! பேப்பரில் படித்தபோது "பைத்தியமா?" என்றேன். பெரியம்மா என்னை முறைத்துவிட்டு, "நம்ம சாம்பு போனா நீ தேட மாட்டியா?" என்றார்.

வீட்டுப் பேச்சிலும் ஜாக்கிரதை வேண்டும். இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பூங்காவில் 2020-ல் ஐந்து கிரே கிளிகள் ஒன்றுக்கொன்று கெட்ட வார்த்தை சொல்லிக்கொடுத்து, பார்க்க வந்தவர்களைத் திட்டித் தீர்த்ததில், அவற்றைக் கொஞ்ச நாள் மறைவாக வைக்க வேண்டியதாகிவிட்டது. எங்கள் சாம்பு திட்டவில்லை. இருமினான்.

அந்த இருமல்

இரண்டு நாள் இருமலைக் கிளி கற்றுக்கொள்ளுமா? தினமும், பல மாதம், கூண்டுக்குப் பக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும். அன்று மாலை ஊருக்குத் திரும்பும்போது ரயிலில்தான் எனக்கு இது உறைத்தது.

போனில் கேட்டேன். "எட்டு மாசமா இருக்குடா. அலர்ஜின்னாங்க, டானிக் குடிச்சேன். டி.பி.யான்னு சளி டெஸ்ட் எடுத்தாங்க, இல்லைன்னுட்டாங்க. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. வயசாகுதில்ல?" என்றார். வயது 58. எடையும் ஐந்து கிலோ குறைந்திருந்தது.

சேலத்தில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர்தான் கேட்டார். "வீட்டில் புறா, கிளி ஏதாவது வளர்க்கறீங்களா?" அதுவரை பார்த்த மூன்று டாக்டர்களும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நாங்களாகவும் சொல்லவில்லை. கிளிக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே நினைப்போம்?

சி.டி. ஸ்கேனில் நுரையீரலின் சில இடங்கள் பனி படர்ந்த கண்ணாடி போல மங்கித் தெரிந்தன. இதற்குப் பறவை வளர்ப்போர் நுரையீரல் நோய் என்று பெயர். 1960-களில் புறா வளர்க்கிறவர்களிடம் டாக்டர்கள் இதை அடையாளம் கண்டார்கள். இது தொற்றுநோய் இல்லை. பறவையின் இறகுத் தூள், காய்ந்த எச்சத்தின் தூசி இவற்றில் உள்ள புரதத்தை மூச்சில் இழுக்கும்போது, சிலருடைய உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டை போடும். சண்டை நடக்கிற இடம் நுரையீரல். சிலருக்குக் கூண்டு சுத்தம் செய்த நாலு முதல் எட்டு மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், மூச்சுத் திணறல் வந்து, மறுநாள் தானாகப் போய்விடும். ஃப்ளூ என்று விட்டுவிடுவார்கள். பெரியம்மா போன்றவர்களுக்குச் சத்தமில்லாமல் வரும்: வறட்டு இருமல், படியேறினால் இளைப்பு, எடை குறைதல். கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் தழும்பு விழுந்துவிடும். தழும்பை எந்த மருந்தாலும் அழிக்க முடியாது.

ஆப்பிரிக்கன் கிரே உடம்பில் மாவு போல ஒரு வெள்ளைத் தூள் ஓயாமல் உதிரும். இறகைப் பாதுகாக்க இயற்கை கொடுத்த பவுடர் அது. கருப்பு மேஜையில் ஒரே நாளில் விரலால் பெயர் எழுதலாம். பெரியம்மா தினமும் காலையில் அதைத் துடைப்பத்தால் பெருக்கியிருக்கிறார், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. கிளி பறந்துவிடக் கூடாதே!

கிளியிடமிருந்து நிஜமாகவே தொற்றும் நோய் வேறு ஒன்று உண்டு. கிளிக் காய்ச்சல் என்கிற சிட்டகோசிஸ். 1929-30-ல் தென் அமெரிக்கக் கிளிகள் மூலம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிப் பீதியைக் கிளப்பியது. காய்ந்த எச்சத்தின் தூசிதான் இதற்கும் வழி. கடுமையான தலைவலி, காய்ச்சல், வறட்டு இருமல். டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளுக்கு நன்றாகக் கட்டுப்படும், டாக்டருக்குக் கிளி இருப்பது தெரிந்தால்! எந்த டாக்டரிடம் இருமலோடு போனாலும், அவர் கேட்காவிட்டாலும், "வீட்டில் பறவை இருக்கு" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். லவ் பேர்ட்ஸ் இருந்தாலும் சொல்லுங்கள்.

கூண்டைச் சுத்தம் செய்ய ஒரு முறை உண்டு. அடியில் விரித்த செய்தித்தாளை முதலில் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும், பிறகு சுருட்டி எடுக்க வேண்டும். பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். நல்ல மாஸ்க், திறந்த ஜன்னல். பறக்காமலிருக்க ஜன்னலுக்கு வலை. படுக்கையறையில் கூண்டு கூடவே கூடாது. ஆஸ்துமா இருப்பவர்கள் உள்ள வீட்டுக்கு இந்தக் கிளி பொருந்தாது.

இதெல்லாம் நோய் வருவதற்கு முன்னால். பெரியம்மாவுக்கு டாக்டர் சொன்னது வேறு. "சில வாரம் மாத்திரை தர்றேன். ஆனா மருந்து பாதி, பறவையை விட்டு விலகறது பாதி. வேற அறையில வச்சா போதுமான்னு கேக்காதீங்க. போதாது."

பெரியம்மா ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மொரப்பூர் வருகிற வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் சாம்பு, "வந்துட்டியா?" என்றான். பெரியம்மா நேரே கொல்லைப்புறம் போய்விட்டார்.

ஒரு வாரம் வீட்டில் சண்டைதான். அண்ணன் போனில், "யாருக்காவது வித்துடுங்க" என்றான். பெரியப்பா அன்றைக்குக் கோபப்பட்டது போல நான் பார்த்ததே இல்லை. ஒருவரோடு ஒட்டிக்கொண்ட கிரே கிளி கைமாறினால் இறகைப் பிடுங்கிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். காட்டில் பறக்கவிடலாமா என்றும் யாரோ யோசனை சொன்னார்கள். கூண்டில் பிறந்த ஆப்பிரிக்கக் கிளி நம் காட்டில் ஒரு வாரம் தாங்காது.

கடைசியில் கை கொடுத்தது அரூர் அத்தை. பெரிய வீடு, பின்னால் வலையடித்த திறந்த தாழ்வாரம், சாயங்காலம் வீட்டில் இருக்கும் இரண்டு கல்லூரிப் பெண்கள். இரண்டு பேரும் ஒரு மாதம் ஞாயிறுதோறும் மொரப்பூர் வந்து, தாங்களே சாம்புவுக்குச் சாப்பாடு கொடுத்துப் பழகினார்கள். அதன் பிறகுதான் கூண்டு போயிற்று. கூடவே எடை நோட்டும்.

சட்ட விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கன் கிரேயை 2017 ஜனவரி முதல் உலக வணிகத் தடைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். காட்டில் பிடித்து விற்றே அழித்துவிட்டார்கள், கானா நாட்டில் பத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நம் நாட்டில் வீட்டில் வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரியில் வந்த விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். சாம்பு அரூர் போனதும் பதிவாகியிருக்கிறது. கடைக்காரர் ரசீது தராமல், "எல்லாம் ஓகே சார்" என்றால் வாங்காதீர்கள். நம்ம ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதோ, எந்தக் கூண்டில் அடைப்பதோ சட்டப்படி குற்றம். "தாத்தா காலத்திலேர்ந்து வளர்க்கறோம்" என்பதெல்லாம் செல்லாது.

சாம்பு போன பிறகும் பெரியம்மா வீட்டில் திரைச்சீலை, சோபா உறை எல்லாவற்றையும் துவைத்து, சுவரைத் துடைத்து வெள்ளையடித்தார்கள். பறவைத் தூசி பல மாதம் வீட்டில் தங்கும். மூன்று மாதத்தில் இருமல் நின்றது. எடை திரும்பியது. படியேறும்போது கொஞ்சம் இளைப்பு மட்டும் இருக்கிறது, அது போகுமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

சாம்பு முதல் மாதம் நெஞ்சில் கொஞ்சம் இறகைப் பிடுங்கினான். பிறகு நிறுத்திவிட்டான். இப்போது அந்தப் பெண்களின் ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகும் சத்தமும் வந்துவிட்டது.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியம்மா அரூருக்குப் போன் போடுவார். அத்தை ஸ்பீக்கரில் போட்டுக் கூண்டுப் பக்கம் வைப்பார்.

"சாம்பு... சாப்டியாடா?"

கொஞ்ச நேரம் சத்தமிருக்காது. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து வரும்: லொக்... லொக்...

"அடேய், எனக்கே நின்னுபோச்சு. நீ இன்னும் விடலியா?" என்பார் பெரியம்மா.